சந்தனம் வைத்த உயில்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று அரிவாள்மனை, தையல் மெஷின், தம்பியின் ஸ்கூட்டர் சாவி, பாடப்புத்தகங்கள் எல்லாவற்றோடும் ஒரு உயிலையும் வைத்துக் கும்பிடுவோம். மற்ற வீடுகளில் இப்படி உண்டா என்று சின்ன வயதில் நான் யாரிடமும் கேட்டதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு உயில் இருக்கும், அதற்கும் சந்தனம் வைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த உயில் அப்பாவின் அப்பத்தாவுடையது. அவள் புருஷன் வெள்ளைக்காரன் காலத்தில் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேருக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலைக்கு வந்தவர். வந்த இடத்தில் மரைன் ஹில் மேட்டில் ஒரு மரவீடு கட்டினார், ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றார், காய்ச்சலில் போய்விட்டார். விதவையான பிறகு அவள் எழுதிவைத்தது இது. பத்திரத்தாளின் தலையில் வெள்ளைக்கார ராஜாவின் படம் அச்சடித்திருக்கும். அம்மா வருஷா வருஷம் ராஜாவின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைப்பாள். எனக்கு நினைவு தெரிந்தபோதே ராஜா முக்கால்வாசி சந்தனத்துக்குள் போய்விட்டார்.

கும்பிட்டோமே தவிர யாரும் அதைப் படித்ததில்லை. படிக்க முடியாது, அது உருதுவில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தத் தீவுகளில் கோர்ட்டு, கச்சேரி எழுத்தெல்லாம் உருதுதான். அவள் தனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் சொல்லச் சொல்ல, மனு எழுதுகிறவர் எழுதிக்கொண்டு கட்டைவிரல் ரேகை வாங்கியிருப்பார். எங்களுக்கு எழுத்துதான் தெரியாதே ஒழிய பேச்சு தெரியாமல் இல்லை. கடையில் இந்தி, ஆபீசில் இந்தி, ஆட்டோக்காரனோடு சண்டையும் இந்தி. யாராவது வாசித்துக் காட்டினால் எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடப் புரிந்துவிடும். வாசிக்கத் தெரிந்தவர்கள் அபர்டீன் பஜாரில் வேண்டிய மட்டும் இருந்தார்கள். மூன்று தலைமுறையாக ஒருவரும் அதை எடுத்துக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கிப் போகவில்லை. சோம்பேறித்தனம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

படிக்காவிட்டாலும் அதில் என்ன இருக்கிறது என்பதில் அப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. எல்லாம் ஆண்பிள்ளைக்கு என்று எழுதியிருக்கிறது என்பார். பேச்சை முடிப்பதற்கென்றே அவரிடம் ஒரு குரல் உண்டு. அந்தக் குரலில் சொல்வார். நாங்களும் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பொரிகடலை தின்னப் போய்விடுவோம்.

அந்த மரவீட்டில்தான் அப்பாவும் அவர் தங்கை, எங்கள் அத்தையும் பிறந்தார்கள். நான் பிறந்தது ஆஸ்பத்திரியில், அந்த வீட்டில் குழந்தையாக இருந்ததோடு சரி. அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைத்துக் கொஞ்சம் நிமிர்ந்ததும் சிமெண்ட் வீடு கட்ட ஆசைப்பட்டார். மரவீட்டைப் பிரித்தார்கள். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் வீடு என்பது ஒரே இடத்தில் கிடந்து மட்க வேண்டிய பொருள் அல்ல. ஆணியைக் கழற்றி, பலகைக்குப் பலகை எண் போட்டு, படகில் ஏற்றி, வேறு கரையில் கொண்டுபோய் அதே வரிசையில் நிறுத்திவிடுவார்கள். அப்பா அந்த வீட்டைத் தூண், உத்தரம், பலகை, கதவு என்று ஒன்று விடாமல் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் இருந்த தங்கைக்கு அனுப்பிவைத்தார். அத்தை அப்போது கல்யாணமாகித் தகரக் கொட்டகையில் இருந்தாள். மாமாவுக்குப் படகுத்துறை ஜெட்டியில் கூலி வேலை. ஒரு துண்டு மனை இருந்தது, அதில் கட்ட வக்கில்லை. படகிலிருந்து முதல் தூண் இறங்கியபோது அத்தை கரையிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

அன்றிலிருந்து அதற்கு அண்ணன் குடுத்த வீடு என்று பெயர். அத்தை வேறு மாதிரி சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணன் குடுத்த வீட்டில் மழை ஒழுகவில்லை, அண்ணன் குடுத்த வீட்டில் விளக்கு வைத்துவிட்டு வருகிறேன் என்பாள். அந்த நன்றியை அவள் வாயால் மட்டும் காட்டவில்லை. எங்கள் வீட்டில் பிரசவம் என்றால் விடிகாலை ஃபெர்ரியில் அத்தை வந்துவிடுவாள். கருவாடு, தேங்காய் எண்ணெய், பிலாப்பழம் எதுவும் நாங்கள் விலைக்கு வாங்கியதாக நினைவில்லை. அப்பா கடைசி வருஷம் படுத்தபடுக்கையாகக் கிடந்தபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, அவர் முதுகுப் புண்ணைக் கழுவித் துடைத்தவள் அவள்தான். அப்பா எதிரில் கடைசிவரை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தரையில்தான் உட்காருவாள். நாங்கள் சொன்னால், "எனக்கு இதுதான் வசதி" என்பாள்.

அப்பாவும் அம்மாவும் போனார்கள், மாமாவும் போனார். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மரவீட்டில் தனியாக, எந்தத் தொந்தரவும் யாருக்கும் கொடுக்காமல் இருந்தாள். தொந்தரவு இங்கேயிருந்துதான் போயிற்று.

மரைன் ஹில் வீட்டில் கீழே தம்பி குடும்பம், மாடியில் நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபீஸ், ஓய்வு, இந்த மாடி, இவ்வளவுதான் என் சரித்திரம். தம்பிக்கு வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற இடத்தில் மெயின்லேண்டிலிருந்து வருகிற டூரிஸ்டுகளுக்கு ஹோம்ஸ்டே கட்ட வேண்டும் என்று வந்துவிட்டது. சிமெண்டில் கட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம், பழைய மரவீடு என்றால் போட்டோ எடுத்துக்கொண்டே வருவார்களாம். எங்கள் சிவப்பு படாக் மரம் இப்போது லேசில் கிடைக்கிற சரக்கில்லை. அதுவும் அந்தக் காலத்து அகலத்தில் பலகை கனவிலும் கிடைக்காது. அப்பா கழித்துவிட்ட குப்பை தம்பிக்குப் பொக்கிஷமாகிவிட்டது. அவன் கண் அத்தை வீட்டின்மேல் விழுந்தது.

ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். அப்பா அந்த மரத்தை இரவலாகத்தான் கொடுத்தார், உயில்படி அது ஆண்வாரிசுக்குச் சேர வேண்டியது, வயதான காலத்தில் அத்தைக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு, இங்கேயே கீழே வந்து இருக்கட்டும் என்றான். கீழே என்றால் எது என்று கேட்டேன். தண்ணீர் மோட்டார் வைத்திருக்கிற அறையைச் சொன்னான். மோட்டாரை வெளியே மாற்றிவிடுவானாம். எனக்கு வந்த கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். எப்படியும் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று ஒரு தைரியம் இருந்தது.

அத்தை ஒத்துக்கொண்டாள். தம்பி போனில் கேட்டானாம். அண்ணன் கொடுத்தது, அண்ணன் பிள்ளை கேட்கிறான், இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாளாம். தம்பி இதைப் பெருமையோடு சொன்னான். அடுத்த வாரம் தச்சு மிஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரிக்கப் போவதாகவும் சொன்னான்.

நான் அத்தையைப் பார்க்கப் போனேன். பாத்திரங்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை, வழக்கம்போல் மீன்குழம்பு, வழக்கம்போல் அக்கம்பக்கத்துப் பேச்சு. கிளம்பும்போது வாசல் தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னிடம் கேட்டாள்.

"ஏத்தா, அந்த ரூம்புல ஜன்னல் இருக்கா?"

இல்லை என்று எனக்குத் தெரியும். வைக்கலாம் அத்தை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃபெர்ரியில் வரும்போது முழுக்க அந்தக் கேள்விதான். அவள் எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து போட்டிருப்பேன். தானாகவே தலையைக் கொடுக்கிறவளை எந்தப் பக்கம் நின்று காப்பாற்றுவது? அவள் நன்றியே அவள் கூரையைப் பிடுங்கப் போகிறது. தம்பி கையில் இருக்கிற ஒரே ஆயுதம் யாரும் படிக்காத அந்தக் காகிதம். அதைப் படித்தால் என்ன என்று அன்றுதான், இந்த வயதில், எனக்கே தோன்றியது.

மறுநாள் தம்பி வெளியே போனதும் பூஜை அலமாரியிலிருந்து உயிலை எடுத்தேன். பண்டிகை இல்லாத நாளில் அதைத் தொட்டதே இல்லை. திருடுகிற மாதிரி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினேன். பஜார் பக்கத்தில் என்னோடு ஆபீசில் வேலை பார்த்த தோழி இருக்கிறாள். இங்கே சிறைக்கு வந்து, பிறகு இங்கேயே குடும்பமானவர்களின் வழிவந்தவள். அவள் வீட்டில் இன்றும் உருது படிப்பார்கள். மேலே காய்ந்து கிடந்த சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ராஜா மெல்ல வெளியே வந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

எழுதினவர் தன் சரக்கைக் காட்டாமல் அவள் பேசினபடியே எழுதியிருந்தார். மண் சர்க்காருடையது, அதைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை என்று தொடங்கியது. வீடு என் புருஷன் தன் கையால் கட்டியது. தூண், உத்தரம், பலகை, கதவு, கூரைத்தகரம் என்னுடையவை. என் மகனுக்குக் கையும் காலும் வேலையும் இருக்கின்றன. அவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். புருஷன் போன பிறகு கூரையில்லாத பெண் இந்த ஊரில் என்ன ஆவாள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த மரம் முழுவதும் என் மகளுக்கு. அவளுக்குப் பிறகு இந்த வீட்டில் பிறக்கிற பெண்களுக்கு. சர்க்கார் இடத்தைக் காலி செய்யச் சொன்னால் மரத்தைக் கழற்றிக்கொண்டு போகட்டும். எந்த இடத்தில் நிறுத்துகிறார்களோ அதுதான் அவர்கள் வீடு.

கீழே அவள் கட்டைவிரல் ரேகை. பக்கத்தில், எனக்குச் சம்மதம் என்று அவள் மகனின், அதாவது என் தாத்தாவின் ரேகை.

தோழி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அதே வார்த்தைகள்தான்.

அந்த மகள், அப்பாவின் அத்தை, பிள்ளையில்லாமல், யுத்தத்தில் ஜப்பான்காரன் தீவைப் பிடித்திருந்த காலத்திலேயே இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் அந்த வீட்டில் பிறந்த பெண் எங்கள் அத்தை ஒருத்திதான். அத்தோடு முடியவில்லை. மனைகளை அளந்து பதிவு செய்ய வந்தவர்கள், மேலே நிற்கிற வீடு யாருடையது என்று கேட்டுத்தான் மரைன் ஹில் மண்ணை எழுதினார்கள் என்று அப்பாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். என்னுடையது என்று அவர் சொன்னார், அவர் பெயரில் எழுதினார்கள். தங்கையின் வீட்டைக் காட்டி மண்ணை வாங்கிக்கொண்டார். பிறகு அவள் வீட்டையே பிரித்து அவளுக்கே தானமாக அனுப்பினார். அதற்கு அவள் கரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள், கருவாடு சுமந்திருக்கிறாள், தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் படுத்துத் தூங்குகிற மாடியும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. எனக்கு அவமானமாக இருந்தது. உயிலை ஏன் பூஜையில் வைத்தார்கள் என்றும் புரிந்தது. கும்பிட்டுக்கொண்டே இருந்தால் படிக்க வேண்டியதில்லை.

உயில் கிடைத்துவிட்டது, இனி அத்தை வீட்டை யாரும் தொட முடியாது என்று சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் இதை அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அண்ணன் போய்விடுவார். அந்த வீட்டின் முன்கட்டில் அப்பாவின் படம் மாலையோடு தொங்குகிறது. தினமும் முதல் விளக்கு அதற்குத்தான்.

தம்பியோடு தனியாகப் பேசித் தீர்த்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். அவன் இல்லை. அடுத்த வாரம் என்றவன், மிஸ்திரி அன்றைக்கே கிடைத்ததால் பாம்பூஃப்ளாட் போய்விட்டான் என்று அவன் மனைவி சொன்னாள். போன் அடித்தேன், எடுக்கவில்லை. சாத்தம் ஜெட்டிக்கு ஆட்டோ பிடித்தேன். ஃபெர்ரி அன்றைக்கென்று ஆட்கள் சேரும்வரை நின்றது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண், என்ன உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். எனக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்வாசல் கதவின் ஒரு பக்கம் ஏற்கெனவே கழன்று சுவரில் சாய்ந்து நின்றது. பலகைகளில் சாக்பீஸால் எண் போட்டிருந்தார்கள். மிஸ்திரி ஒரு வங்காளி, அவரோடு இன்னொரு ஆள். அத்தை அவர்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பியை முற்றத்து ஓரத்துக்குக் கூப்பிட்டு உயிலை வாசிக்கச் செய்துவிட்டேன் என்றேன். அவன் முகம் சட்டென்று மாறியது. பூஜையில் இருக்கிற காகஸை உன்னை யார் எடுக்கச் சொன்னது என்றுதான் முதலில் கேட்டான். அதில் இருந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டுவிட்டு முன்கட்டில் தொங்கிய அப்பா படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"இத அத்தை முன்னாடி சொல்லுவியாக்கா? அப்பாவ இப்படின்னு சொல்லுவியா?"

சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். என் தம்பி முட்டாள் இல்லை. மிஸ்திரி டீ கிளாஸை வைத்துவிட்டுக் கதவின் அடுத்த பக்கத்துக் கீலில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். வரவில்லை. அத்தை கிட்டே போய், மழைக்காலத்தில் அது அப்படித்தான் இறுகிக்கொள்ளும், கீழிருந்து தூக்கித் தட்டினால் பலகை சிராய்க்காமல் வரும் என்று இந்தியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். தன் வீட்டை எப்படி வலிக்காமல் பிரிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

நான் போய்ச் சொன்னேன். தமிழில் சொல்ல நாக்கு எழவில்லை. கேட்டது கேட்டபடி இந்தியில்தான் வந்தது. மண் சர்க்காருடையது என்பதில் தொடங்கி, எந்த இடத்தில் நிறுத்துகிறார்களோ அதுதான் அவர்கள் வீடு என்பதுவரை சொன்னேன். இந்தியில் சொன்னதால் மிஸ்திரிக்கும் புரிந்தது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். மனை அளக்க வந்து கேட்டவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அத்தைக்கு அந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவள் கையில் காலி டீ கிளாஸ்கள் இருந்தன. அவற்றை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

"இது அண்ணனுக்குத் தெரியுமா?"

தம்பிதான் முன்னால் வந்தான். அன்று முழுவதிலும் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதற்காக இன்றும் அவன்மேல் எனக்கு முழுசாக வெறுப்பு வருவதில்லை.

"தெரியாது அத்தை. அப்பாவுக்கு உருது படிக்கத் தெரியாதுல்ல?"

அத்தை தலையை ஆட்டினாள்.

"படிக்கத் தெரியாது. கேட்டா புரியும்."

தம்பி சாக்பீஸ் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றான். மரைன் ஹில் மண்ணையும் அத்தை கேட்டுவிடுவாளோ என்ற பயம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் கேட்கவில்லை. மிஸ்திரியின் பக்கம் திரும்பி, நான் அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்.

"தர்வாஜா வாபஸ் லகா தோ."

மிஸ்திரி தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. கழற்றிய கதவைத் தூக்கி இருந்த இடத்தில் மாட்டினார். ஆணிகளைத் திருப்பி அடித்தார். தம்பி சொல்லிக்கொள்ளாமல் போனான்.

ஈரத்துணியை எடுத்துப் பலகைகளில் இருந்த எண்களை அத்தை துடைக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு துணி எடுத்துக்கொண்டேன். வீடு தப்பித்துவிட்டது, இனி ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை. அப்பா படத்துக்குக் கீழே வந்ததும் நின்றாள். படத்தைக் கழற்றவில்லை. கழற்றுவாளோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"இத்தனை வருஷமா அண்ணன் குடுத்த வீட்டுல இருந்தேன். தனியா இருக்கேன்னே தோணலத்தா" என்றாள். "இனிமே என் வீட்டுல இருக்கணும்."

மன்னித்துக்கொள் என்று கேட்பதா, நீ இதைச் சொல்லிவிட்டது நல்லதுதான் என்று அவள் சொல்லக் காத்திருப்பதா என்று தெரியாமல் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே போ, ஃபெர்ரியில் கூட்டம் சேர்ந்துவிடும் என்றாள். உயிலை அவளிடம் கொடுத்தேன். வாங்கி மடித்து, அடுக்களையில் அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தாள்.

எப்போது நான் அங்கிருந்து கிளம்பினாலும் மரைன் ஹில்லுக்கு ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புவாள். அப்பா போன பிறகும் அது நிற்கவில்லை. அன்றைக்கும் பாட்டில் நிரப்பி வாசலில் தயாராகத்தான் இருந்தது. கேட்வரை கூடவே வந்தாள், பார்த்துப் போ என்றாள். பாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது.